சும் பள்ளத்தாக்கு ட்ரெக்: பெர்மிட்ல இருந்து மூ கோம்பா வரைக்கும் முழு வழிகாட்டி

நேபாளம்னா நம்மாளுங்க முக்திநாத் போவாங்க, கொஞ்சம் நடக்கிற ஆளா இருந்தா எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போவாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல, கோர்க்கா மாவட்டத்தோட வடக்கு மூலையில, மூணு பக்கமும் திபெத் எல்லை வளைச்சுக்கிட்ட மாதிரி ஒரு பள்ளத்தாக்கு இருக்கு. பேரு சும். பேருதான் சும், சும்மா போயிட்டு வர முடியாது, ரெண்டு வாரம் லீவு, பெர்மிட், கைடு எல்லாம் வேணும். நான் ரெண்டு தடவை போயிருக்கேன், முதல் தடவை சொதப்பினேன், ரெண்டாவது தடவைதான் ஒழுங்கா போனேன். அதனால எங்க சொதப்பும்னு கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

முதல்ல இது என்ன இடம்னு தெரிஞ்சுக்குங்க

திபெத்திய பௌத்தத்துல பெயுல்னு ஒண்ணு உண்டு, ஒளிச்சு வச்ச பள்ளத்தாக்குன்னு அர்த்தம். உலகத்துல கஷ்ட காலம் வர்றப்ப ஜனங்க ஓடி வந்து தங்கறதுக்காக குரு பத்மசம்பவர் 8ஆம் நூற்றாண்டுல இமயமலையில சில இடங்களை மறைச்சு வச்சாருன்னு நம்பிக்கை. அதுல கியிமோலுங்னு சொல்ற பெயுல் இந்தப் பக்கம்தான். திபெத்தோட பெரிய யோகி மிலரேபா வந்து தவம் பண்ணின குகையும் இங்க இருக்கு. வெளிநாட்டுக்காரங்களுக்கு 2008லதான் திறந்துவிட்டாங்க, பக்கத்துல மனஸ்லு மலையைச் சுத்தி வர்ற மனஸ்லு சர்க்யூட் ட்ரெக் 1991லயே திறந்தாச்சு, அதனாலதான் அங்க கூட்டம், இங்க அவ்வளவு இல்ல.

எல்லாத்தையும் விட முக்கியம் ஷ்யாக்யா. 1920ல இந்த ஊர்க்காரங்க எல்லாம் லாமா முன்னாடி கூடி ஒரு சத்தியம் பண்ணினாங்க: வேட்டை கூடாது, ஆடு மாடு வெட்டக்கூடாது, பொறி வைக்கக்கூடாது, தேனெடுக்கக்கூடாது, காட்டுக்குத் தீ வைக்கக்கூடாது. நூறு வருஷம் தாண்டியும் அதை விடல. இதை ஒரு சுவாரஸ்யமான தகவலா மட்டும் படிச்சுட்டுப் போயிடாதீங்க, அங்க போனா உங்களுக்கும் இதுதான் சட்டம். ஜெர்க்கின்னு விக்கிற காய்ஞ்ச கறி பாக்கெட்டு, டின் மீன் எல்லாம் பைல வச்சுக்காம வர்றதுதான் மரியாதை. கீழ காட்டுல என் கால்ல ஒரு அட்டை ஒட்டிக்கிச்சு, நான் உப்பை எடுக்கப் போனேன், கைடு கையைப் பிடிச்சு நிறுத்திட்டு நகத்தால மெதுவா வழிச்சு எடுத்து ஒரு இலை மேல வச்சுட்டு நடக்க ஆரம்பிச்சுட்டாரு. நான் ரத்தம் வழிய நின்னுட்டு இருக்கேன், அட்டை சௌக்கியமா இலை மேல உக்காந்திருக்கு!

எப்ப போறது

அக்டோபர், நவம்பர் பெஸ்ட். வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கும். அடுத்தது மார்ச் கடைசியில இருந்து ஏப்ரல் முடியற வரைக்கும், கீழ காட்டுல ரோடோடெண்ட்ரான் பூத்திருக்கும், ஆனா மத்தியானத்துக்கு மேல மேகம் மூடிடும். மே, ஜூன்ல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. அப்ப யார்சாகும்பா சீசன், புழுவுல முளைக்கிற ஒரு காளான், நல்ல விலை போகும்கறதால குடும்பம் குடும்பமா மேல புல்வெளிக்கு ஏறிடுவாங்க, கிராமத்துல கிழவிங்களும் நாயும்தான் இருக்கும், சில லாட்ஜ் பூட்டியே கிடக்கும். ஜூன் கடைசியில இருந்து செப்டம்பர் நடு வரைக்கும் வேண்டவே வேண்டாம், புடி கண்டகி ஆத்தோரமா போற பாதையில மண் சரியும், மேல இருந்து கல்லு உருளும்.

பெர்மிட்டும் கைடும்

இது கட்டுப்படுத்தப்பட்ட பகுதி, தனியா பையை மாட்டிக்கிட்டு கிளம்ப முடியாது. பதிவு பண்ணின ட்ரெக்கிங் ஏஜென்சி மூலமாதான் பெர்மிட் எடுக்க முடியும், லைசன்ஸ் உள்ள கைடு கூட வரணும். குறைஞ்சது ரெண்டு ட்ரெக்கர் இருக்கணும்னும் ரொம்ப வருஷமா ஒரு விதி இருந்துச்சு, இதெல்லாம் அப்பப்ப மாத்துவாங்க, புக் பண்றதுக்கு முன்னாடி ஏஜென்சியைக் கேட்டுடுங்க. இந்தியா பாஸ்போர்ட்டுக்கு நேபாள விசா வேணாமே, பெர்மிட்டும் வேணாம்தானேன்னு ஒருத்தர் என்கிட்ட கேட்டாரு. வேணும்ங்க. விசா வேற, இது வேற.

சும் பெர்மிட் செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் ஒரு ஆளுக்கு முதல் வாரம் 40 டாலர், மத்த மாசம்னா 30 டாலர், வாரத்துக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 7 டாலர். இதோட மனஸ்லு பாதுகாப்புப் பகுதி கட்டணம் தனி, வெளிநாட்டுக்காரங்களுக்கு 3000 நேபாள ரூபா, இந்தியா இலங்கை மாதிரி சார்க் நாட்டுக்காரங்களுக்கு 1000தான். ஏஜென்சி பில்லுல உங்களுக்கும் 3000னு போட்டிருந்தா விடாதீங்க, கேளுங்க. அந்தப் பகுதி கிராம நகராட்சியும் தனியா ஒரு கட்டணம் வாங்கும். சும்மையும் மனஸ்லுவையும் சேர்த்துப் போறீங்கன்னா மனஸ்லுவுக்குன்னு இன்னொரு பெர்மிட், அது இதைவிட விலை ஜாஸ்தி.

இப்ப என் சொதப்பல் கதை. முதல் தடவை விலை கம்மின்னு ஒரு ஏஜென்சியைப் பிடிச்சேன், பேரு வேணாம். கைடு தங்கமான பையன், ஆனா அவன் சும்முக்கே வந்ததில்லைங்கறது மூணாவது நாள் லோக்பா போறப்பதான் தெரிஞ்சுது, பாதை பிரியற இடத்துல அவன் என்னைப் பாக்கறான், நான் அவனைப் பாக்கறேன். அதோட ஒன்பது நாள்ல முடிச்சுடலாம்னு எழுதிக் குடுத்திருந்தாங்க, சோக்காங்பாரோ கிராமம் வரைக்கும் போயிட்டு, பள்ளத்தாக்கோட கடைசியில இருக்கிற மூ கோம்பாவையே (கோம்பான்னா பௌத்த மடம்) பாக்காம திரும்பினேன்.

அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி கைடோட வீடியோ கால் பேசணும்னு சொல்லுங்க. மூணே கேள்வி. மூ கோம்பாவுல ராத்திரி எங்க தூங்குவோம்? ராச்சென் கோம்பாவுக்கு ஆத்தை எந்தப் பக்கம் தாண்டுவோம்? சும்ல உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டைச் சொல்லுங்க. போயிட்டு வந்தவன் டக்குனு சொல்லுவான், போகாதவன் நோ ப்ராப்ளம் சார்னு சிரிப்பான். அந்த ஊர்க்காரர், சும்பான்னு சொல்லுவாங்க, அவங்கள்ல ஒருத்தரே கைடா கிடைச்சா காசு கொஞ்சம் கூட ஆனாலும் விட்டுடாதீங்க. அவங்க பேசறது நேபாளி இல்ல, திபெத்திய வகை பாஷை, அது தெரிஞ்ச கைடு இருந்தாதான் சமையக்கட்டு அடுப்புப் பக்கத்துல உக்கார இடம் கிடைக்கும்.

போர்ட்டர் ரெண்டு பேருக்கு ஒருத்தர்னு வைங்க, மொத்தம் 20 கிலோவுக்கு மேல தூக்க விடாதீங்க. அவருக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு ஏஜென்சிட்ட எழுத்துல கேளுங்க. உங்களுக்கு ஹெலிகாப்டர் மீட்பு சேர்ந்த இன்சூரன்ஸ் வேணும், பாலிசில உயர வரம்பு 4000 மீட்டரைத் தாண்டி இருக்கணும், சாதாரண டிராவல் பாலிசில ட்ரெக்கிங்கே கவர் ஆகாது, அந்தப் பொடி எழுத்தைப் படிங்க.

உடம்பும் பையும்

இந்த ட்ரெக்ல பெரிய கணவாய் எதுவும் ஏற வேணாம், நீங்க தூங்கற உச்சமே 3700 மீட்டர்தான். அதைப் பாத்துட்டு ஈசின்னு நினைக்கறவங்க கீழ் பாதியில மாட்டிப்பாங்க. ஒரு மணி நேரம் ஏறுவீங்க, அடுத்த முக்கால் மணி நேரம் அதையெல்லாம் இறங்குவீங்க, திரும்ப ஏறுவீங்க, ஆறேழு மணி நேரம் இதே கதை, முழங்காலு கெஞ்சும். ரெண்டு மாசம் முன்னாடி இருந்தே அஞ்சாறு கிலோ பையோட மாடிப்படி ஏறி இறங்குங்க. இறங்கறதுதான் முக்கியம், லிஃப்ட்ல கீழ வந்துடாதீங்க.

பையில என்ன? மைனஸ் 10 தாங்கற ஸ்லீப்பிங் பேக், டவுன் ஜாக்கெட், மழைக்கோட்டு, ஏற்கனவே நடந்து பழகின ஷூ, ரெண்டு வாக்கிங் ஸ்டிக், தலை லைட், தண்ணி சுத்தம் பண்ற மாத்திரை, பெரிய பவர் பேங்க். ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா காயாது. மருந்துல டயமாக்ஸ் உயர நோய்க்கு, வழக்கமா 125 மில்லிகிராம் காலை ராத்திரி, ஆனா சல்ஃபா அலர்ஜி இருக்கறவங்களுக்கு ஆகாது, டாக்டரைக் கேட்காம ஆரம்பிக்காதீங்க.

வழி, நாள் நாளா

முதல் நாள் காத்மாண்டுல இருந்து மச்சா கோலா. ஜீப்ல எட்டு ஒன்பது மணி நேரம், தாதிங் பேசி, ஆருகாட், சோத்தி கோலா வழியா, கடைசி சில மணி நேரம் ரோடுன்னு சொல்றதுக்கில்ல. பஸ்ஸும் இருக்கு, முதுகு மேல ஆசை இருந்தா ஜீப் எடுங்க. ஆருகாட் தாண்டினா ஏடிஎம் மறந்துடுங்க. வருஷத்துக்கு வருஷம் ரோடு மேல ஏறிக்கிட்டே இருக்கு, அதனால மச்சா கோலா தாண்டியும் ஜீப் போகுதான்னு அன்னிக்கு விசாரிங்க.

ரெண்டாவது நாள் ஜகத். வழியில தாத்தோபானின்னு ஒரு ஊரு, தாத்தோன்னா சூடு, பானின்னா தண்ணி, குழாய்ல வெந்நீர் ஊத்து கொட்டும். போறப்ப குளிக்காதீங்க, உடம்பு தளர்ந்துடும், திரும்பறப்ப பாத்துக்கலாம். பாதி வழி ஆத்துக்கு மேல செதுக்கின பாதை. இங்கதான் கோவேறு கழுதை கூட்டம் வரும், கழுத்துல மணி கட்டியிருக்கும், சத்தம் கேட்டதும் மலைப்பக்கம் ஒட்டி நில்லுங்க. ஆத்துப்பக்கம் நின்னீங்கன்னா அது முதுகுல இருக்கிற சிலிண்டரோ அரிசி மூட்டையோ இடிச்சு ஆளைத் தள்ளிடும், இது பயமுறுத்தறதுக்காகச் சொல்லல, இந்தப் பாதையில உண்மையான ஆபத்து இதுதான். தொங்கு பாலத்துல கழுதை ஏறியாச்சுன்னா அது முழுசா இறங்கற வரைக்கும் நீங்க கால் வைக்காதீங்க.

மூணாவது நாள் பிலிம், ஏக்லே பட்டி தாண்டி லோக்பா. ஏக்லே பட்டிக்கு அப்புறம் பாதை பிரியும், இடது பக்கம் மனஸ்லு, வலது பக்கம் மேல ஏறினா சும். கூட வந்த கூட்டம் மொத்தமும் இடது பக்கம் போயிடும், சட்டுனு ஒரு அமைதி வரும். நாலாவது நாள் லோக்பால இருந்து சும்லிங், 2386 மீட்டர். என்னைக் கேட்டா மொத்த ட்ரெக்லயும் கஷ்டமான நாள் இதுதான், பைன் காட்டுக்குள்ள செங்குத்துப் படி, சியார் கோலா ஆறு கீழ எங்கயோ இரைஞ்சுக்கிட்டு இருக்கும், சில இடத்துல பாறையில கட்டின ஒத்தையடி. மழை பெய்ஞ்ச மறுநாள்னா ஒரு நாள் லோக்பாலயே இருந்துடுங்க.

அஞ்சாவது நாள் சோக்காங்பாரோ, 3010 மீட்டர், கடைசி ஏத்தம் நெஞ்சை அடைக்கும். ஏறி முடிச்சதும் பள்ளத்தாக்கு அப்படியே விரியும், பார்லி வயல், கல்லு வீடு, கூரை மேல விறகு, பின்னாடி கணேஷ் ஹிமால். அதோட உச்சி 7422 மீட்டர். இங்க இருந்து மேல் சும். உயர நோய் கணக்கு இங்கதான் ஆரம்பம். தலைவலி மட்டும்னா தண்ணி குடிச்சுட்டு ரெஸ்ட் எடுங்க, தலைவலியோட வாந்தி வந்தா அன்னிக்கு ஒரு அடி கூட மேல ஏறாதீங்க, நடையில தள்ளாட்டம் வந்தாலோ சும்மா உக்காந்திருக்கிறப்பவே மூச்சு வாங்கினாலோ ராத்திரின்னு கூட பாக்காம இறங்கணும். சந்தேகமா இருந்தா தரையில ஒரு கோடு போட்டு, ஒரு காலோட குதிகால் இன்னொரு காலோட விரலை ஒட்டற மாதிரி பத்து அடி நடக்கச் சொல்லிப் பாருங்க, தெரிஞ்சுடும். பிஸ்தாரை பிஸ்தாரைன்னு கைடு சொல்லிக்கிட்டே இருப்பாரு, மெதுவா மெதுவான்னு அர்த்தம்.

ஆறாவது நாள்தான் அழகான நாள், வேகமா நடந்து கெடுத்துடாதீங்க. பாதை கிட்டத்தட்ட சமதளம், வழி நெடுக மணிச் சுவரு, ஓம் மணி பத்மே ஹூம்னு கல்லு கல்லா செதுக்கி அடுக்கினது. நம்ம கோயில்ல வலம் வர்ற மாதிரிதான், சுவரு உங்க வலது கைப்பக்கம் இருக்கணும், பாதை ரெண்டா பிரிஞ்சா இடது பக்கமா போங்க. அது மேல பையை வைக்கறது, உக்காந்து ஷூ லேஸ் கட்டறது கூடாது. வழியிலதான் மிலரேபாவோட பிரென் ஃபூ, புறாக் குகை, பாறையோட ஒட்டிக் கட்டின சின்ன கோயில், உள்ள அவரோட காலடித் தடம்னு ஒரு கல்லைக் காட்டுவாங்க. சின்ன வயசுல மாந்திரீகம் பண்ணி நிறைய பேரைக் கொன்னவருன்னு அவர் கதை, அந்த மனுஷன் தவம் பண்ணின ஊர்லதான் இப்ப கொசுவைக் கூட அடிக்க யோசிக்கறாங்க. இந்தக் குகைப்பக்கம் ரொம்ப காலம் தவத்துல இருந்த கெஷே லாமா கோஞ்சோக் 2001ல காத்மாண்டு கோபன் மடத்துல காலமானாரு, அவரோட மறுபிறவின்னு கண்டுபிடிச்ச குழந்தையும் இதே சும் பள்ளத்தாக்குப் பையன்தான். ராத்திரி நிலே கிராமம், 3361 மீட்டர்.

ஏழாவது நாள் மூ கோம்பா, 3700. தூரம் கம்மி, மத்தியானத்துக்குள்ள போயிடலாம். 1895ல கட்டின மடம், சும்லயே பெருசு. இதுக்கு மேல ஊரே கிடையாது, புல்லும் கல்லும் எல்லையும்தான். ரூம்ல கட்டிலும் ரஜாயும், அதாவது பஞ்சுப் போர்வையும் இருக்கும், வேற வசதி எதிர்பாக்காதீங்க. ரெண்டு ராத்திரி இங்க தங்குங்க, இந்த மொத்த வழிகாட்டியில ஒரே ஒரு வரி ஞாபகம் வச்சுக்கறதுன்னா இதை வச்சுக்குங்க, ஏன்னா பெரும்பாலான பேக்கேஜ்ல மூ கோம்பா ஒரு ராத்திரிதான், போட்டோ எடுத்துட்டு காலைல ஓடி வந்துடுவாங்க.

எட்டாவது நாள் விடியற்காலம் நான் பல்லு விளக்க வெளிய வந்தேன். கதவு திறந்தா பத்தடி தூரத்துல நாவூர், அதாவது நீல ஆடு, பதினஞ்சு இருபது இருக்கும், உறைபனி மேல நின்னு மேயுது. ஒண்ணு தலையைத் தூக்கி என்னைப் பாத்துச்சு, வாயில புல்லு அசையறது நிக்கல, மூக்குல இருந்து ஆவி வருது, திரும்பக் குனிஞ்சுக்கிச்சு. மத்த இடத்துல இதையே பைனாகுலர்ல தேடணும், மனுஷன் வாடை வந்தாலே பாறை மேல பறந்துடும். உள்ள மணி அடிச்சப்பவும் ஒண்ணு கூட நகரல. அன்னிக்கு மேல தெஃப்யுதோன்மா கோம்பா வரைக்கும் ஏறிட்டு மெதுவா இறங்கினா போதும்.

ஒன்பதாவது நாள் ஆத்துக்கு அந்தப் பக்கம் ராச்சென் கோம்பா, பெண் துறவிகளோட மடம், சாயங்கால பூஜையில உக்கார விடுவாங்க. ஷூ கழட்டணும், தொப்பி கழட்டணும், புத்தர் பக்கம் காலை நீட்டக்கூடாது, போட்டோவுக்குக் கேளுங்க. அப்புறம் வந்த வழியே, பத்தாவது நாள் கோ கிராமம் இல்லைன்னா தும்ஜே, பதினொண்ணு லோக்பா, பன்னெண்டு ஜகத், பதிமூணு மச்சா கோலா, பதினாலு காத்மாண்டு. இன்னும் ரெண்டு நாள் கையில இருந்தா தும்ஜேல இருந்து கும்பா லுங்தாங் ஏறலாம். ஏத்தம் கொடூரம், காட்டுக்குள்ள ஒரு பெண் துறவிகள் மடம், கணேஷ் ஹிமால் தலைக்கு மேலயே நிக்கும்.

சாப்பாடு, காசு, மத்தது

சாப்பாடு தால் பாத், கேட்டா இன்னொரு தரம் போடுவாங்க, காசு ஒண்ணுதான், நமக்கு சோறுங்கறதால பிரச்சனையே இல்ல. மேல போனா சம்பா குடுப்பாங்க, நம்ம சம்பா அரிசின்னு நினைச்சுடாதீங்க, வறுத்த பார்லி மாவு, உப்பு வெண்ணெய் டீல குழைச்சு உருண்டை பிடிச்சு சாப்பிடணும். அந்த டீயை டீன்னு நினைச்சுக் குடிச்சா குமட்டும், சூப்புன்னு நினைச்சா இறங்கிடும். அடுப்பு அவங்களுக்கு சாமி மாதிரி, பிளாஸ்டிக் கவரு, டிஷ்யூ எதையும் அதுல போடாதீங்க, உங்க குப்பையை நீங்களே காத்மாண்டு வரைக்கும் சுமங்க.

காசு எல்லாம் நேபாள ரூபாவா, சின்ன நோட்டா எடுத்துக்குங்க. நம்ம 1 ரூபா அவங்க 1.60, இது மாறாது, கணக்கு சுலபம். ஃபிளைட்ல போறவங்க பாஸ்போர்ட் எடுத்துக்குங்க, வாக்காளர் அட்டையும் செல்லும், ஆதார் செல்லாது, ஏர்போர்ட்ல அழுதுட்டு நின்னவங்களைப் பாத்திருக்கேன். பெர்மிட்டுக்கும் பாஸ்போர்ட்தான் சௌகரியம். சிம் நேபாள் டெலிகாம் வாங்குங்க, அதுவும் மேல் சும்ல வந்தா உண்டு, வராட்டி இல்ல, வீட்ல முன்னாடியே சொல்லிட்டுப் போங்க.

கூப்பிடற முறை ஒண்ணு. லாட்ஜ் நடத்தற அம்மாவை தீதி, அக்கான்னு அர்த்தம். உங்களை விட பெரிய ஆம்பளைங்களை தாய். நேபாளியில தாய்ன்னா அண்ணன், ஒரு முரட்டு மீசைக்காரரைப் பாத்து தாய் தாய்னு கூப்பிட முதல் ரெண்டு நாள் எனக்கு சிரிப்பை அடக்க முடியல, அவரு ஏன் சிரிக்கறேன்னு கேட்டு, விளக்கம் சொன்னதும் அவருக்கும் சிரிப்பு, அதுக்கப்புறம் ட்ரெக் முடியற வரைக்கும் சாப்பாடு வர்றப்ப எல்லாம் அம்மா வந்துட்டேன்னு தமிழ்லயே சொல்லிக்கிட்டு வந்தாரு.

டிப்ஸ் கடைசி நாள் ஜீப் ஏறற அவசரத்துல குடுக்காதீங்க, முந்தின நாள் சாயங்காலம் மச்சா கோலாவுலயே கவர்ல போட்டு கைடுக்கு தனியா, போர்ட்டருக்கு தனியா அவங்கவங்க கையில குடுங்க, கைடு கிட்ட மொத்தமா குடுத்து பிரிச்சுக்கச் சொல்றது வேணாம். அன்னிக்கு காலைலதான் தாத்தோபானியைத் தாண்டி வந்திருப்பீங்க, அங்க ஒரு மணி நேரம் ஒதுக்கி குழாய்க்கு அடியில உக்காந்துட்டு வாங்க, பன்னெண்டு நாள் அழுக்கு, பர்மிஷன் எதுவும் தேவையில்ல.